ஊருக்கெல்லாம் ஒரே எண்

அந்த வருடம் கார்த்திகை பிறந்ததிலிருந்து எங்கள் ஊரில் தீபத்தைப் பற்றிய பேச்சைவிட போன் பற்றிய பயம்தான் ஜாஸ்தி. நம்பர் இல்லாத போன்களையெல்லாம் நிறுத்திவிடப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்தது, டிவியில் வந்தது, டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தது. நம்பர் என்றால் நாம் கூப்பிடுகிற நம்பர் இல்லை. ஒவ்வொரு போனுக்குள்ளும் பதினைந்து இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். ஸ்டார், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் என்று அழுத்தினால் திரையில் வந்து நிற்கும். ஒரு போனுக்கு இருப்பது உலகத்தில் வேறு எந்தப் போனுக்கும் இருக்கக் கூடாது. சைனா செட்டுகளில் அழுத்தினால் வெறும் பூஜ்யங்களாக வரிசை கட்டி நிற்கும். எங்கள் ஊரில் பாதிப் பேர் கையில் இருந்தது சைனா செட்டுதான்.

நானும் தம்பியும் ஆளுக்கொன்று வைத்திருந்தோம். இரண்டு சிம் போடலாம், டார்ச் எரியும், பாட்டுப் போட்டால் அடுத்த தெருவில் இருப்பவர்கள் திட்டுவார்கள். அம்மா அப்பா கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டையும் நெல்லுமாகப் பயிர் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிற வேலையில் இருந்தேன். தம்பி போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுவது, டாக்டர் பரிசோதனை எல்லாம் முடிந்துவிட்டது. அவன் மேல் ஏதாவது கேஸ் இருக்கிறதா என்று ஸ்டேஷனிலிருந்து விசாரித்து எழுதி அனுப்ப வேண்டியது ஒன்றுதான் பாக்கி. ஒரு சின்ன எஃப்ஐஆரில் பெயர் இருந்தாலும் வேலை கிடையாது. அதனால் அந்த மாதம் முழுக்க அவனை சைக்கிளில் டபுள்ஸ் போகக்கூட நான் விடவில்லை.

பூஜ்யம் இருக்கிற செட்டுக்குள் ஒரு நம்பரை எழுதிக்கொண்டால் நிறுத்தமாட்டார்கள் என்று பேச்சு. அந்த வேலையை எங்களுக்குச் செய்து கொடுத்தது தம்பியின் கூட்டாளி. பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் ஒன்றாகத் திரிந்தவர்கள். கூட்டாளிக்கும் போலீஸ் ஆசை இருந்தது. உயரம் கொஞ்சம் கம்மி என்று முதல் அளவிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை அவன். மறுநாளிலிருந்து விடியற்காலை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, தம்பியை காலேஜ் கிரவுண்டுக்கு இழுத்துக்கொண்டு போய், போனில் நேரம் பார்த்து ஓடவிட்டான். தம்பி அந்த ஓட்டத்தில் தேறியதில் பாதி அவனுடையது.

அவன் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தான். போனைப் பிரித்து ஒட்டுவதில் கை சுத்தம். ஆனால் கம்ப்யூட்டரில் அவன் வைத்திருந்ததெல்லாம் திருட்டு சாஃப்ட்வேர். முறையாகக் காசு கொடுத்து வாங்கினால் கூடவே சாவி மாதிரி ஒரு சின்னக் கருவி வரும், அதைச் செருகினால்தான் அந்த சாஃப்ட்வேர் ஓடும். இவனுடையது சாவி கேட்காது. சென்னையில் யாரிடமோ சிடியாக வாங்கி வந்தது. திறந்ததும் திரையில் ஒரு மண்டை ஓடு சிரிக்கும். வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டால்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடிக்கும். இவனும் அணைத்துவிடுவான்.

"கிராக் வெர்ஷன்க்கா, சூப்பரா ஓடும்" என்பான்.

ஒருமுறை பாட்டு ஏற்றித் தரச் சொல்லி என் பென்டிரைவைக் கொடுத்தேன். பாட்டோடு வைரஸும் வந்தது. மனு நாளான திங்கட்கிழமை காலையில் எங்கள் கடை கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நாற்பது பேர் வாசலில் நிற்க, முதலாளி என்னை நிற்கவைத்துத் திட்டினார். நான் சாயங்காலம் போய் கூட்டாளியை அதைவிடப் பலமாகத் திட்டினேன்.

"அந்த மண்டை ஓட்டத் தூக்கிக் குப்பையில போடுடா. ஒருநாள் உன்னயும் சேத்து முழுங்கிடும்."

அவன் சிரித்துக்கொண்டே எனக்கு டீ சொன்னான்.

நம்பர் எழுதுகிற பரபரப்பு வந்தபோது அந்தச் சின்னக் கடைமுன் ரேஷன் கடைபோல வரிசை நின்றது. பூக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், லாட்ஜ் ஆட்கள், கோயில் ஐயர்கள், வேட்டியை மடித்துக் கட்டிய கிராமத்து ஆட்கள். வரிசையில் நானும் நின்றேன். தம்பியின் அக்கா என்பதற்காக உள்ளே நுழைய எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு முன்னால் ஒருவர் நுழைந்தார். மேலே கலர் சட்டை, கீழே காக்கி பேன்ட்.

"ஏன் சார், காக்கி போட்டா வரிசை கிடையாதா?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "டூட்டிக்கு நேரமாச்சும்மா" என்றார்.

"எனக்கு மட்டும் என்ன, பொழுது போகாம நிக்கிறனா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. மனிதர் முகம் கறுத்துப் போனார், ஆனாலும் முதலில் அவர் போனைத்தான் கூட்டாளி வாங்கினான். வேலை முடிந்ததும் அவர் ஸ்டார் ஹாஷ் அழுத்திப் பார்த்தார். பூஜ்யங்கள் போய் வேறு எண் வந்திருந்தது. போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம். பூஜ்யம் போய்விட்டதா என்று அவரவர் போனில் பார்த்தோம். பக்கத்தில் நிற்பவன் போனில் என்ன வந்திருக்கிறது என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் போலீசுக்கு ஒரு மொட்டைப் போன் வந்தது. கோயிலில் குண்டு வைத்திருக்கிறோம் என்று யாரோ பேசிவிட்டு வைத்துவிட்டானாம். நாய்களோடு வந்து கோபுரம் கோபுரமாகத் தேடினார்கள். ஒன்றுமில்லை. வருடா வருடம் எவனாவது இப்படிப் பேசுவான் என்று ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

தீபத்தன்று காலை தம்பி குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தான். மஃப்டியில் இரண்டு பேர் வாசலில் வந்து நின்று அவன் பெயரைக் கேட்டார்கள். வெரிஃபிகேஷனுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் காபி வைக்க அடுப்பைப் பற்ற வைத்தேன். சட்டையை மாட்டக்கூட நேரம் கொடுக்காமல் அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் போனையும் எடுத்துக்கொண்டார்கள்.

"சும்மா விசாரிக்கத்தாம்மா, அனுப்பிடுவோம்" என்றான் ஒருவன். ஜீப் போய்விட்டது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

நான் அவனுடைய சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தீபத்தன்று ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். வேங்கிக்காலிலிருந்து நடந்தேன். ஊரே கிரிவலம் போகக் கிளம்பியிருந்தது. கூட்டம் ஒரு பக்கம் போக, நான் தோளால் இடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். எத்தனை பேர் காலை மிதித்தேனோ தெரியாது. வாய் மட்டும் அண்ணாமலையாரே, அண்ணாமலையாரே என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனில் காலை வைக்க இடமில்லை. காணாமல் போன குழந்தைகளும், செயினைப் பறிகொடுத்தவர்களும், மைக்கில் பெயர் சொல்லக் கெஞ்சுகிறவர்களும். உள்ளே மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஏட்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வரிசையில் நான் சண்டை போட்ட அதே மனிதர். அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. இருவரும் தெரியாததுபோல் இருந்தோம்.

அவர்தான் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். மொட்டைப் போன் செய்தவன் சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டான். ஆனால் எந்த செட்டிலிருந்து பேசினான் என்று கம்பெனியில் எண்ணை வாங்கிவிட்டார்கள். அதே எண்ணுள்ள செட்டில் வேறு என்னென்ன சிம் ஓடியது என்று பார்த்தால் ஏகப்பட்டது வந்திருக்கிறது.

"அம்பது அறுவது சிம் மாத்திருக்கான்மா. எவ்ளோ பெரிய கேடியா இருப்பான்னு அய்யா கொதிச்சுப் போயிருக்காரு. பாதி சிம்முக்கு அட்ரஸ் பொய். நெஜ அட்ரஸ்ல மொதல்ல கெடச்சது உன் தம்பியோடது."

நிஜம்தான். சிம் வாங்கும்போது ரேஷன் கார்டை என் கையால் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

"அவன் போலீசுக்கு செலக்ட் ஆயிருக்கான் சார்."

"தெரியும். அதுதான் அய்யாவுக்கு ஆத்திரம் ஜாஸ்தி. மேலருந்து வேற நெருக்கறாங்க. தீபம் ஏத்தினதும் எஃப்ஐஆர் போட்டுடுவாரு."

எங்கள் ஊரில் தீபம் ஏற்றுகிற நேரத்தை யாரும் கடிகாரத்தில் பார்க்க வேண்டியதில்லை. ஆறு மணி என்று குழந்தைக்கும் தெரியும். அம்மா ஊரில் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு அதற்காகத்தான் காத்திருப்பாள். ஒவ்வொரு வருடமும் எப்போது ஆறாகும் என்று காத்திருந்த நான், அன்றைக்கு ஆகவே கூடாது என்று வேண்டிக்கொண்டு ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் சட்டையைக் கொடுக்க ஏட்டு என்னை உள்ளே விட்டார். தம்பி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

"அந்த நம்பரை எங்க எழுதினன்னு கேக்கறாங்கக்கா" என்றான் மெதுவாக. "செட்டு ஒரு கம்பெனி, நம்பர் வேற கம்பெனியோடதாம். வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

"கடையைச் சொல்லித் தொலைடா. அவன் எழுதினது தப்பாப் போயிருக்கும்."

"சொன்னா அவன் உள்ள போயிடுவான்."

"சொல்லலன்னா நீ போவ. உன் வேலை போகும்டா."

"வேலை போனா போவுது. நீ வாயத் தொறக்காத. எம்மேல சத்தியம்."

எனக்கு வந்த கோபத்தில் வீங்காத கன்னத்தில் நானே ஒன்று வைத்திருப்பேன். விடியற்காலை ஓடியதெல்லாம் இதற்கா? சத்தியத்துக்குப் பதில் சொல்லாமல் சட்டையை மடியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கூட்டாளிக்குப் போன் செய்து எங்கேயாவது போய்விடு என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அவன் போய்விட்டால் தம்பிக்கு யார் சாட்சி என்று போனை மடக்கிக்கொண்டேன்.

வெயில் சாய்ந்தது. ரோட்டில் கூட்டம் நகராமல் மலையைப் பார்த்து நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்திலிருந்து வந்தார். தொப்பி நனைந்திருந்தது. என்னைக் காட்டி, "யாருய்யா இது?" என்றார்.

"அக்காவாம் அய்யா."

"தம்பிகிட்ட கடைசியா எப்ப பேசின? போனைக் குடு."

கொடுத்தேன். என் போனும் தம்பியுடையது மாதிரியே கறுப்பு. அவர் ஏதோ பார்த்துவிட்டு, பழக்கத்தில் ஸ்டார் ஹாஷ் அழுத்தினார். திரையைப் பார்த்தார். மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இது உன் தம்பி போனா?"

"இல்ல சார், என்னுது."

"அப்ப அவனோடது?" என்று மேசை டிராயரைத் திறந்தார். அது உள்ளே இருந்தது. அதிலும் அழுத்தினார். இரண்டு திரையிலும் ஒரே எண். காகிதத்திலும் அதே எண். அவர் முகம் மாறியது.

"குடும்பமாத்தான் பண்றீங்களா? யோவ், பொம்பள போலீசக் கூப்பிடு."

அடுத்தது என் பெயரும் அந்த எஃப்ஐஆரில் ஏறும், அம்மா தீபம் பார்க்காமலே விழுந்துவிடுவாள். அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. மண்டை ஓடு எல்லோருக்கும் ஒரே எண்ணைத்தான் எழுதியிருக்கிறது. ஐம்பது சிம் மாற்றிய கேடி எவனும் இல்லை. அது ஐம்பது பேர். வரிசையில் நின்ற நாங்கள்.

"சார், பஸ் ஸ்டாண்டு பின்னாடி சர்வீஸ் கடையில எழுதினது சார்" என்றேன். தம்பி உள்ளேயிருந்து "அக்கா!" என்று கத்தினான். நான் நிறுத்தவில்லை. "திருட்டு சாஃப்ட்வேர் சார். எல்லாருக்கும் ஒரே நம்பர் எழுதியிருக்குது. நான் வரிசையில நின்னேன். ஊரே நின்னுச்சு."

"கதை விடாத."

"கதையா? எனக்கு முன்னாடி நுழைஞ்சி எழுதிக்கினு போனாரே, இதோ உங்க ஏட்டு, அவர் போனப் பாருங்க சார்!"

ஏட்டு பேனாவை வைத்தார். இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். ஏட்டு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுத்தார். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே எண் வர வேண்டுமே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். ஸ்டார். ஹாஷ். இன்ஸ்பெக்டர் அழுத்தி முடிக்கவும் வெளியே வேட்டுச் சத்தம் கேட்டது. லட்சம் பேர் ஒரே குரலில் அரோகரா என்றார்கள். ஸ்டேஷனே வாசலுக்கு ஓடியது. ஏட்டின் போனைக் கையில் வைத்தபடியே இன்ஸ்பெக்டரும் வெளியே வந்து, மலை உச்சியில் எரிந்த தீபத்தைப் பார்த்துக் கைகூப்பினார். கூப்பிய விரல்களுக்கு நடுவே அந்தத் திரை தெரிந்தது. அதே பதினைந்து இலக்கம்.

நான் தீபத்தைப் பார்க்கவில்லை. அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு, "இனிமே அவன எங்கய்யா புடிக்கிறது?" என்றார். ஏட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார், அதை எழுத முடியாது. தம்பி மேல் எஃப்ஐஆர் வேண்டாம், கடைக்காரனைத் தூக்கி வாருங்கள், அவன் வந்து ஒப்புக்கொண்டதும் இவர்கள் போகலாம் என்றார்.

கடை பக்கத்தில்தான். சீக்கிரமே கூட்டிவந்துவிட்டார்கள். கம்ப்யூட்டரை ஒருவன் தலையில் தூக்கி வந்தான். கூட்டாளி நெற்றியில் விபூதி வைத்திருந்தான். தீபம் பார்த்த கையோடு பிடித்திருக்கிறார்கள். அவன் எதையும் மறைக்கவில்லை. எந்த எண்ணை அடித்தாலும் அது ஒன்றையே எழுதுகிறது என்று தனக்குத் தெரியாது, பூஜ்யம் போகிறதா என்றுதான் பார்த்தேன் என்றான். அவனை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

எங்களை வெளியே அனுப்பினார்கள். வாசல் நடையில் அவனை உள்ளறைக்குக் கொண்டு போனார்கள், நாங்கள் எதிரே வந்தோம். அவன் நின்றான். தம்பியின் வீங்கிய கன்னத்தை அவன் பார்க்கவில்லை, அது அந்தப் பக்கம் இருந்தது.

"சொல்லிட்டியாடா?" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினான். எலும்பு வலித்தது.

"ஆமாண்டா" என்றான் தம்பி. "நான்தான் சொன்னேன்."

கூட்டாளி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனான்.

தெருவுக்கு வந்ததும் தம்பியைப் பிடித்து உலுக்கினேன். ஏண்டா பொய் சொன்னாய் என்று கத்தினேன். கூட்டம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. "அவனோட அண்ணனுங்க பஸ் ஸ்டாண்டுலதான் இருக்கானுங்க. நீ ஊருக்குப் போவ வர அங்கதான் பஸ் ஏறணும். நீதான்னு தெரிஞ்சா சும்மா வுடமாட்டானுங்க" என்றான். வேங்கிக்கால் வரை மலை உச்சியில் நெருப்பு கூடவே வந்தது. அவன் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

சில நாளில் அந்த எண்ணையே கம்பெனிக்காரர்கள் அடைத்துவிட்டார்கள். ஊரில் ஏகப்பட்ட போன்கள் ஒரே சமயத்தில் செத்தன, என்னுடையதும்தான். மொட்டைப் போன் பேசியவன் கிடைக்கவே இல்லை. கூட்டாளி சில வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். கம்ப்யூட்டர் கோர்ட்டுக்குப் போனது, திரும்பவில்லை. கடை போனது. தம்பியின் வெரிஃபிகேஷனுக்கு வந்தது அதே ஏட்டுதான். வீட்டுக்குள் வந்து காபி குடித்துவிட்டு, இவன் மேல் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். தம்பி போலீஸ்காரன் ஆனான்.

நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த இடத்தில் மறுபடி நிற்கவைத்தாலும் கடையின் பெயரைச் சொல்வேன். ஆனால் அந்தப் பழியைத் தம்பி சுமக்கிறானே, அதுதான் பொறுக்கவில்லை. அவனும் கூட்டாளியும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியின் கல்யாணத்துக்குக் கூட்டாளி வரவில்லை.

தம்பிக்குக் குழந்தை பிறந்த சமயம் நான் போய் கூட்டாளியைப் பார்த்தேன். பேருந்து நிலைய நடைபாதையில் சார்ஜரும் போன் உறையும் விற்றுக்கொண்டிருந்தான். அவனுடைய அண்ணன்கள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். இனி என்ன பயம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி அடிவாங்கியும் சொல்லவில்லை, என் மேல் பழி வரக் கூடாதென்று தன் மேல் போட்டுக்கொண்டான், சொன்னது நான்தான் என்றேன்.

அவன் ஒரு சார்ஜரின் வயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு முடித்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"அவனே சொன்னான்கா, என் மூஞ்சப் பாத்து" என்றான். "தம்பிக்காக நீங்க இன்னும் பொய் சொல்லிக்கினு வரீங்களே."

டீ சொல்லட்டுமா என்று கேட்டான்.